சிவில் வழக்கும் உள்ளூர்ச் செய்தியும்: வடசென்னை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாரிமுனையில் ஒரு மாலைப் பத்திரிகைக்காகப் பல வருடம் நீதிமன்றச் செய்தி எழுதியவன் நான். இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்து சின்னதாக ஒரு மாதப் பத்திரிகை கொண்டுவருகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி பக்கமிருந்து வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் வழக்குக்கு என்ன செய்வது என்று உங்கள் வக்கீலைத்தான் கேட்க வேண்டும். செய்தி எப்படி உருவாகிறது, அதை எப்படிப் படிப்பது என்பது வரைக்கும் நான் சொல்லலாம்.

கத்திக்குத்து என்றால் ஒரு மணி நேரத்தில் செய்தி வருகிறது. எங்கள் வீட்டு வழக்கு பதினோரு வருடமாக நடக்கிறது, ஒரு வரிகூட வரவில்லையே?

கத்திக்குத்துக்குப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. நிருபர் ஒரு போன் போட்டால் பெயர், வயது, தெரு எல்லாம் கிடைத்துவிடும். சிவில் வழக்கில் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. வாதி ஒருவர், பிரதிவாதி ஒருவர், நடுவில் ஒரு கேஸ் கட்டு. அவ்வளவுதான்.

உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே மாநகர உரிமையியல் (சிவில்) நீதிமன்றம் இருக்கிறது, சிறுவழக்கு நீதிமன்றம் இருக்கிறது, குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் நிருபர்கள் கூட்டம் நிற்பது தலைமை நீதிபதி அமர்வு வாசலிலும், பெரிய ரிட் மனுக்கள் வரும் கோர்ட்டுகளிலும்தான். வாடகை பாக்கி, பாகப்பிரிவினை, பொதுச்சுவர் தகராறு எல்லாம் ஓடும் கூடங்களில் என் காலத்திலேயே நிருபரைப் பார்ப்பது அபூர்வம். ஆள் குறைந்துபோன இந்தக் காலத்தைச் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் வரும் ஒன்றிரண்டு சிவில் செய்தியும் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வழக்குப் போட்டவரின் வக்கீல் கொடுத்தது. தாவாவின், அதாவது வழக்கு மனுவின், நகலை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார், நிருபர் அதைச் சுருக்கி எழுதுவார். எதிர்த்தரப்புக்கு அன்றைக்குச் சம்மன்கூடப் போயிருக்காது. முதல் நாள் செய்தி வழக்குப் போட்டவர் சொன்ன கதையாகவே இருப்பதற்கு இதுதான் காரணம். யாரும் பொய் எழுதவில்லை, ஒரு காதால் கேட்டதை எழுதுகிறார்கள்.

'தாக்கல்', 'நோட்டீஸ்', 'இடைக்காலத் தடை', 'தள்ளுபடி'… செய்தியில் வரும் இந்த வார்த்தைகளுக்கு என்ன வித்தியாசம்?

என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன். தண்டையார்பேட்டையில் ஒரு பொதுச் சந்துப் பாதையை மறித்து ஒருவர் சுவர் எழுப்பிவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போட்டிருந்தார். சுவர் எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்று பார்த்து அறிக்கை தர ஒரு வக்கீலை ஆணையராக நியமித்தது நீதிமன்றம். அதை நான் அவசரத்தில் 'சந்துப் பாதையை அடைத்த சுவரை அகற்ற நீதிமன்றம் உத்தரவு' என்று எழுதிவிட்டேன். அன்று இரவே நாலு பேர் கடப்பாரையோடு போய் நின்றார்கள். மறுநாள் காலை அந்தப் பிரதிவாதி பேப்பரைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி ஆபீசுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "இந்த உத்தரவு எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க சார்" என்று மட்டும் கேட்டார். ஆறாம் பக்கத்தில் நாலு வரி திருத்தம் போட்டோம். அதை யார் படித்தார்கள்?

சரி, வார்த்தைகளுக்கு வருவோம்.

'வழக்கு தாக்கல்' என்றால் ஒருவர் காகிதம் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். நீதிமன்றம் இன்னும் எதையும் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 'நோட்டீஸ் அனுப்ப உத்தரவு' என்றால் எதிர்த்தரப்பையும் கேட்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இதைக்கூட 'நீதிமன்றம் அதிரடி' என்று தலைப்புப் போடும் யூடியூப் சேனல்கள் நம் ஏரியாவில் இருக்கின்றன. நோட்டீஸில் ஒரு அதிரடியும் இல்லை.

இடைக்காலத் தடைதான் ஆளை ஏமாற்றும். "ஸ்டே வாங்கிட்டாங்க" என்றாலே ஜெயித்துவிட்டார்கள் என்று தெருவே பேசும். எதிர்த்தரப்பைக் கேட்காமலே தடை கொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது. தாமதித்தால் தடை கேட்டதன் நோக்கமே கெட்டுவிடும் என்று நீதிபதி நினைத்தால், காரணத்தை எழுதிவைத்துவிட்டுக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் முப்பது நாளுக்குள் அந்தத் தடை மனுவை விசாரித்து முடிக்க முயல வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. முப்பது நாள் எத்தனை முறை முந்நூறு நாளானது என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் செய்தியில் 'எதிர்த்தரப்பைக் கேட்காமல் வழங்கப்பட்ட தடை' என்று இரண்டு வார்த்தை கூடுதலாக இருந்தால் வாசகருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். அந்த இரண்டு வார்த்தையைத்தான் எடிட்டிங்கில் முதலில் வெட்டுவார்கள்.

'தள்ளுபடி'யிலும் இரண்டு வகை. சாட்சி, ஆவணம் எல்லாம் பார்த்து வழக்கில் சாரமில்லை என்று தள்ளுவது ஒன்று. வாய்தா அன்று வாதி தரப்பில் யாரும் வராததால் தள்ளுவது இன்னொன்று. இரண்டாவதை மனுப்போட்டு மறுபடி எடுக்கலாம். செய்தியில் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான்.

வழக்கு நிலுவையில் இருக்கும்போது எழுதக்கூடாது, அது நீதிமன்ற அவமதிப்பு என்கிறார்களே?

இதைச் சொல்லித்தான் நிறையப் பேர் நிருபரை விரட்டுகிறார்கள். 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, நடக்கிற விசாரணையைப் பற்றி நேர்மையாகவும் துல்லியமாகவும் எழுதுவது அவமதிப்பு ஆகாது என்கிறது. நம் நாட்டில் நீதிமன்றம் திறந்த கூடம். நீங்களும் நானும் உள்ளே போய்ப் பின் வரிசையில் உட்காரலாம்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பம்பாயில் பிளிட்ஸ் வார இதழின் ஆசிரியர் மீது போட்ட அவதூறு நஷ்டஈட்டு வழக்கில், ஒரு சாட்சி தன் வாக்குமூலத்தைப் பத்திரிகையில் போடக்கூடாது என்று கேட்டார். நீதிபதியும் சம்மதித்தார். பத்திரிகையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1966இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, நியாயம் கிடைக்க அவசியம் என்றால் அப்படித் தடுக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லிவிட்டது. ஆக, நீதிபதி குறிப்பாக உத்தரவு போட்டிருந்தால் எழுதக்கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் வராந்தாவில் மிரட்டினால் அது உத்தரவு ஆகாது.

தாவாவில் என்னைப் பற்றிக் கண்டபடி எழுதியிருக்கிறார்கள். பேப்பரும் அப்படியே போட்டுவிட்டது. பேப்பர் மீது வழக்குப் போடலாமா?

செய்தி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 'போலி பத்திரம் தயாரித்ததாக மனுவில் கூறப்பட்டுள்ளது' என்றிருந்தால் பத்திரிகைக்குப் பாதுகாப்பு அதிகம். நீதிமன்ற நடவடிக்கையைப் பெரும்பாலும் உண்மையாக வெளியிடுவது அவதூறு ஆகாது என்ற விதிவிலக்கு பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. 'போலி பத்திரம் தயாரித்த ராயபுரம் வியாபாரி' என்று சொந்த வாக்கியமாக எழுதியிருந்தால் கதை வேறு. அதேபோல, உள்ளே எட்டு முறை 'கூறப்படுகிறது' போட்டுவிட்டுத் தலைப்பில் மட்டும் குற்றவாளியாக்கும் பழக்கமும் இருக்கிறது. தலைப்பை நிருபர் எழுதுவதில்லை, டெஸ்க்கில் இருப்பவர் எழுதுகிறார் என்ற சமாதானத்தால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

நீதிமன்றப் பதிவேடுகளிலிருந்து எடுத்து வெளியிடுவது பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு நம் ஊரில் பிறந்தது. கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட நக்கீரன் பத்திரிகை முயன்றபோது வந்த தடையை எதிர்த்து நடந்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னது. நீதிமன்ற ஆவணம் உட்பட பொது ஆவணமாகிவிட்ட ஒன்றை வைத்து எழுதினால், அந்தரங்கம் என்று பொதுவாக ஆட்சேபிக்க முடியாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

நடைமுறையில் நான் சொல்வது: உங்கள் எதிருரை (தாவாவுக்குப் பதில் மனு) தாக்கலானதும் அதன் நகலை எடுத்துக்கொண்டு அந்தப் பத்திரிகைக்கே போங்கள். 'அவர் சொன்னதைப் போட்டீர்கள், நான் சொன்னதையும் போடுங்கள்' என்று கேளுங்கள். ஓரளவு மரியாதை உள்ள பத்திரிகை போடும். போடாவிட்டால் வழக்கைப் பற்றி யோசிக்கலாம். எழுத்து மூலமான அவதூறுக்கு நஷ்டஈடு கேட்க, வெளியான தேதியிலிருந்து ஒரு வருடம்தான் காலவரம்பு என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

'10 கோடி கேட்டு வழக்கு' என்று போடுகிறார்களே, அவ்வளவு பணம் நிஜமாகவே கேட்கிறார்களா?

வழக்கா, வக்கீல் நோட்டீஸா என்று முதலில் பாருங்கள். நோட்டீஸில் எத்தனை கோடி வேண்டுமானாலும் எழுதலாம். தபால் செலவு மட்டும்தான். வழக்காகப் போட்டால் கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2017இல் அதை ஏழரை சதவீதத்திலிருந்து மூன்று சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் பத்துக் கோடிக்கு 30 லட்சம் ரூபாய். அதனால்தான் நோட்டீஸில் இருந்த கோடி, தாவாவுக்கு வரும்போது பெரும்பாலும் லட்சமாக இளைத்துவிடுகிறது. இளைத்த செய்தி மட்டும் வருவதில்லை.

விவாகரத்து வழக்குகளைப் பற்றி இஷ்டத்துக்கு எழுதுகிறார்களே?

எழுதக்கூடாது. இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழான விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும், நடவடிக்கைகளை அச்சிடவோ வெளியிடவோ கூடாது என்கிறது. முன் அனுமதியோடு வெளியிடும் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டும் விலக்கு. மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. ஆயிரம் ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள் என்பதை சினிமாப் பக்கங்களைப் பார்த்தால் தெரியும்.

'நீதிபதி சரமாரி கேள்வி' என்று வருகிறது. அது உத்தரவா?

இல்லை. விசாரணையின்போது நீதிபதி நூறு கேள்வி கேட்பார். சில சமயம் யாருக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதப்போகிறாரோ அவரைத்தான் அதிகம் குடைவார். 2021இல் கொரோனா பரவலுக்கிடையே தேர்தல் கூட்டங்கள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் வாய்மொழியாகச் சொன்ன ஒரு கடுமையான கருத்தை எல்லாப் பத்திரிகையும் போட்டன. அப்படிப் போடக்கூடாது என்று தேர்தல் ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. விசாரணையில் பேசப்படுவதை எழுதும் சுதந்திரம் ஊடகத்துக்கு உண்டு, அதே சமயம் வாய்மொழிக் கருத்து உத்தரவின் பகுதி இல்லை என்று பதில் வந்தது. நான் இதை இரண்டு பக்கமும் வெட்டும் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறேன். எழுதலாம், ஆனால் 'உத்தரவு' என்று எழுதக்கூடாது.

பேப்பரின் ஓரத்தில் பொடி எழுத்தில் வரும் கோர்ட் விளம்பரங்களை யாராவது படிக்கிறார்களா?

படிக்க வேண்டும். என்னைக் கேட்டால் சாதாரணக் குடும்பத்துக்கு முழுப் பேப்பரிலும் முக்கியமான சதுரம் அதுதான்.

பிரதிவாதி வேண்டுமென்றே சம்மனைத் தவிர்க்கிறார், அல்லது வழக்கமான வழியில் சேர்க்க முடியவில்லை என்று நீதிமன்றம் கருதினால், நாளிதழில் விளம்பரம் போடச் சொல்லலாம். வழக்கு எண், வாதி பெயர், 'எதிர்', பிரதிவாதியின் பெயர், கடைசியாகத் தெரிந்த முகவரி, ஆஜராக வேண்டிய தேதி. அவ்வளவுதான் இருக்கும். அந்தத் தேதியில் நீங்கள் போகாவிட்டால் நீங்கள் வரவில்லை என்று குறித்துவிட்டு, ஒருதலைப்பட்சமாக, உங்கள் தரப்பைக் கேட்காமலே வழக்கு நடக்கும். நம் பக்கத்தில் குடிசை மாற்று வாரிய வீட்டுக்கோ, கும்மிடிப்பூண்டிப் பக்கமோ குடிபோனவர்களின் 'கடைசியாகத் தெரிந்த முகவரி' பழைய தெருவிலேயே நின்றுவிடும். தபால்காரர் 'ஆள் இல்லை' என்று எழுதித் திருப்பிவிடுவார். அப்புறம் விளம்பரம். அதுவும் அவர்கள் வாங்காத பேப்பரில்.

தெரியாமல் உங்களுக்கு எதிராக டிக்ரி (தீர்ப்பாணை) ஆகிவிட்டாலும் உடனே எல்லாம் போய்விடாது. ஒருதலைப்பட்ச டிக்ரியை ரத்து செய்யக் கேட்க முப்பது நாள் அவகாசம் உண்டு. சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் அந்த முப்பது நாளை உங்களுக்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். பேப்பர் விளம்பரத்தை மட்டும் வைத்து முறையாகச் சேர்ந்ததாகக் கொள்ளக்கூடாது என்று காலவரம்புச் சட்டமே இந்த இடத்தில் சொல்கிறது. ஆக, கோர்ட் ஊழியரான அமீனா கதவைத் தட்டின அன்றே வக்கீலிடம் ஓடுங்கள், ஒரு வாரம் யோசிக்காதீர்கள்.

எங்கள் பத்திரிகையில் வடசென்னை முகவரி உள்ள இந்த விளம்பரங்களைப் பொறுக்கி, பெரிய எழுத்தில் தெருப் பெயரோடு ஒரு பக்கம் போடுகிறோம். விற்பனை கூடியதே அந்தப் பக்கத்தால்தான்.

எண்ணூர் எண்ணெய்க் கசிவு பற்றி வந்ததெல்லாம் சிவில் வழக்குச் செய்தியா?

ஒரு வகையில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோதும், அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோதும், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி சுற்றுச்சூழல் சார்ந்த உரிமையியல் பிரச்சினைகளை விசாரிப்பதுதான் தீர்ப்பாயத்தின் வேலை. இப்படித் தானாக எடுக்க அதற்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதி செய்தது. இங்கே ஊடகச் செய்தியே தாவா மாதிரி வேலை செய்கிறது. வழக்குப் போட வசதியில்லாத மீனவர்களுக்கு, வலையில் ஒட்டிய எண்ணெயைப் படம் பிடித்த நிருபர்தான் முதல் வக்கீல்.

வடசென்னையில் நடந்த சிவில் வழக்கு எதுவாவது பெரிய செய்தியாகியிருக்கிறதா?

ஆகியிருக்கிறது, நூறு வருடத்துக்கு முன்னால். 1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. தலைவர் பி.பி. வாடியா, அன்னி பெசன்ட்டின் நியூ இந்தியா பத்திரிகையில் வேலை பார்த்தவர். கூட நின்ற திரு.வி.க. தேசபக்தன் ஆசிரியர். பக்கிங்காம் கர்நாடிக் மில்லை நடத்திய பின்னி கம்பெனி, தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று 1920இல் வாடியா உள்ளிட்டோர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவும் வாங்கியது. சங்கம் நடத்துகிறவன் மேல் இப்படி வழக்குப் போட முடியும் என்றால் சங்கமே இருக்க முடியாதே என்ற பேச்சு நாடு முழுக்கக் கிளம்பியது. 1926இல் வந்த தொழிற்சங்கச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, தொழில் தகராறில் பதிவு பெற்ற சங்கங்களுக்கு அந்த மாதிரி வழக்கிலிருந்து பாதுகாப்பு கொடுத்தது. பிரதிவாதிகள் கையில் பத்திரிகை இருந்ததால் அவர்கள் தரப்பும் ஊருக்குத் தெரிந்தது என்பது என் கணிப்பு.

வழக்கு முடிந்த பிறகு ஏன் செய்தி வருவதில்லை?

தொடங்கிய அன்று எழுதிய நிருபர், முடியும்போது வேறு பத்திரிகையில் இருப்பார், அல்லது ஸ்விக்கியில் இருப்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். இன்னொன்று, நிறைய வழக்குகள் தீர்ப்பு இல்லாமலே முடிகின்றன. உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005இலிருந்து சமரச மையம் இருக்கிறது. அங்கே பேசுவது ரகசியம். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தாலும் இரண்டு கையெழுத்தோடு சரி, மேல்முறையீடு கிடையாது. சந்தோஷமாக வெளியே வருகிற இரண்டு பேரும் பத்திரிகைக்குப் போன் பண்ண மாட்டார்கள்.

விளைவு, கூகுளில் உங்கள் பெயரைத் தேடினால் 2014இல் 'மோசடி புகார், வழக்கு' என்று ஒரு செய்தி மட்டும் நிற்கும். 2022இல் நீங்கள் ஜெயித்தது எங்கேயும் இருக்காது. இதில் எங்களுக்குத்தான் வெட்கம். நான் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நாங்கள் ஒரு வழக்கைப் பற்றி ஒரு முறை எழுதினால் அதன் எண் அந்த நோட்டில் ஏறும். மாதம் ஒரு முறை அடுத்த வாய்தாவைப் பார்த்துக் குறித்து, முடிவு தெரியும்வரை அதைக் கோடு போட்டு அடிக்க மாட்டேன். இப்போது அதில் 41 வழக்கு இருக்கிறது. அடித்தது ஆறு.

பழைய செய்தியை இணையத்திலிருந்து எடுக்க வைக்க முடியுமா?

கேட்கலாம். எடுக்காவிட்டாலும், 'இந்த வழக்கு இன்ன தேதியில் இன்னாருக்குச் சாதகமாக முடிந்தது' என்று மேலே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அது நடக்கக்கூடியது. சட்டப்படி மறக்கப்படும் உரிமை உண்டா என்பது இன்னும் தீராத கேள்வி. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டதைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி 2021இல் மறுத்தார். 2024இல் இரு நீதிபதி அமர்வு ஏற்றுக்கொண்டது. அதே வருடம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது.

ஒரு வழக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று நானே பார்க்கலாமா?

தாராளமாக. ஈ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் செயலியிலும் வாதி அல்லது பிரதிவாதி பெயர், வழக்கு எண் எதை வைத்தும் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் இருக்கும். அது கையில் இருந்தால் அடுத்த வாய்தா, இதுவரை போட்ட உத்தரவு எல்லாம் காசில்லாமல் தெரியும். வாட்ஸ்அப்பில் 'கோர்ட் ஆர்டர்' என்று வரும் படத்தில் வழக்கு எண் இல்லை என்றால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எங்கள் வழக்கைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும். என்ன கொண்டுவர வேண்டும்?

தாவா நகல், எதிருரை வந்திருந்தால் அதுவும், கடைசியாகப் போட்ட உத்தரவு. எதிர்த்தரப்பு வக்கீலின் போன் நம்பர் கட்டாயம். அவரிடம் பேசாமல் ஒரு வரியும் எழுத மாட்டேன். "அவங்ககிட்ட ஏன் சார் பேசணும்?" என்று கேட்டபடி பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். மீதிப் பேருக்காகச் செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆபீஸ் திறந்திருக்கும்.